வெளிக்காயம் இல்லை

கடலூர் ஆயுதப்படை மைதானத்தில் பயிற்சி தொடங்கிய முதல் நாளே அருள்முருகனுக்குக் காயத்ரி மேடத்தின் மேல் சந்தேகம் விழுந்துவிட்டது.

அவள் சப்-இன்ஸ்பெக்டர். முப்பது வயதுகூட ஆகியிருக்காது. கல்லூரி நாளில் ஜூடோவில் மெடல் வாங்கியவள் என்றார்கள். கைது செய்யும்போதும் கூட்டத்தைக் கலைக்கும்போதும் ஆட்களுக்குப் பெரிய காயம் பட்டுவிடாமல் எப்படி அடக்குவது என்று போலீஸ்காரர்களுக்குச் சொல்லிக் கொடுக்க மேலிடம் அவளை அனுப்பியிருந்தது. மாவட்டத்தின் பல ஸ்டேஷன்களிலிருந்தும் ஆட்களைப் பொறுக்கி அனுப்பியிருந்தார்கள். 2010 ஆனி மாதம். கடற்காற்று மதியத்துக்கு மேல்தான் எட்டிப் பார்க்கும். அதுவரை மைதானத்தில் நின்றால் தலை காய்ந்துவிடும்.

“லத்திய எங்க போடணும்னு உங்க எல்லாருக்கும் தெரியும். எங்க போடக் கூடாதுன்னு இன்னிக்குப் பாப்போம்” என்று ஆரம்பித்தாள். “தலை, கழுத்து, காறை எலும்பு, முதுகுத்தண்டு, மூட்டு. இங்கெல்லாம் பட்டா ஆளு போயிடுவான், இல்லன்னா ஆயுசுக்கும் எழுந்திரிக்க மாட்டான். வேற வழியே இல்லன்னா தொடை, ஆடுசதை. சதை தாங்கும்.”

“சதையில போட்டா எக்ஸ்ரேயிலயும் வராது” என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுக்க, நாலைந்து பேர் சிரித்தார்கள். அருள்முருகன் சிரிக்கவில்லை. சொல்லிக் கொடுக்க வந்தவளும் அதைக் கண்டிக்கவில்லை என்பதை அவன் கவனித்தான்.

அவன் ஏட்டு. முதுநகரில் வீடு. ஆறடிக்குக் கொஞ்சம் குறைவான ஆள் என்றாலும் உடம்பு பெருத்த உடம்பு. அதனாலேயே அவனை முன்னால் கூப்பிட்டாள்.

“வாங்க ஏட்டு. என் சட்டையப் புடிக்க வர்ற மாதிரி வாங்க.”

போனான். அவள் எதிரே நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கினாள். ஒரு கை அவன் மணிக்கட்டில், இன்னொரு கை முழங்கைக்கு மேலே. இழுத்த மாதிரியும் தெரியவில்லை, தள்ளிய மாதிரியும் தெரியவில்லை. அவன் முழங்கால் தரையில் விரித்திருந்த மெத்தையில் பட்டது, பிறகு நெஞ்சு, பிறகு கன்னம். திமிறினால் தோளில் சுரீரென்றது. சும்மா கிடந்தால் வலியே இல்லை.

“வலிச்சா மெத்தையத் தட்டுங்க. தட்டினா அந்த செகண்டே விட்டுடணும். இங்க இதான் சட்டம்” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். அவன் தட்டினான். விட்டாள். “விலங்கு மாட்டினதும் ஆளக் குப்புறவே போட்டு வெக்கக் கூடாது. உடனே ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, இல்ல உக்கார வைங்க. முதுகுல, கழுத்துல ஒருத்தரும் ஏறக் கூடாது. மூச்சு நின்னுடும்.”

சாயங்காலம் வீட்டில் சட்டையைக் கழற்றிவிட்டுக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவ்வளவு பெரிய உடம்பைத் தரையில் கிடத்திய பிடி. ஒரு சிவப்பு இல்லை, ஒரு கன்றல் இல்லை. அதுதான் அவனை உறுத்தியது.

மீன் கழுவிக்கொண்டிருந்த அவன் மனைவி லோகநாயகி நிமிர்ந்தாள். “என்னத்தப் பாக்குறீங்க கையில?”

“ஒண்ணும் தெரியுதான்னு பாக்குறேன்.”

“என் தம்பி கையிலயுந்தான் ஒண்ணும் தெரியல” என்றாள் அவள். மறுபடி மீனைக் கழுவத் தொடங்கினாள்.

அவள் தம்பி சாமிக்கண்ணு. காடாம்புலியூரில் ஒரு முந்திரிக் கிடங்கில் மூட்டை தூக்கியவன். இரண்டு வருஷம் முன்பு கிடங்கில் மூட்டைகள் காணாமல் போக, அந்தப் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் அவனைக் கொண்டுபோய் வைத்தார்கள். அப்போது அருள்முருகன் ஆவடியில் பட்டாலியனில் இருந்தான். சாமிக்கண்ணுவை விட்ட பிறகுதான் அவனுக்குச் செய்தி தெரிந்து, லீவு போட்டு ஓடி வந்தான். மூட்டையைத் தூக்கியது வேறொருவன் என்பது பிறகு தெரிந்தது. உடம்பில் அடித்த தடமே இல்லை. ஆனால் வலது கையைத் தூக்கினால் மணிக்கட்டு செத்த கோழிக் கழுத்து மாதிரித் தொங்கியது. டாக்டர் ‘வெளிக்காயம் இல்லை’ என்று எழுதினார். உள்ளே நரம்பு போயிருந்தது. கையைப் பின்னால் கட்டி நெடுநேரம் மேலே இழுத்து வைத்திருந்தால் இப்படி ஆகும் என்று, எழுதாமல் வாயால் மட்டும் சொன்னார்.

யார் செய்தது என்று அருள்முருகன் எத்தனையோ தரம் கேட்டான். சாமிக்கண்ணு வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நாளில், அந்த ஸ்டேஷனைத் தாண்டிப் பஸ்ஸில் போகவே முடியவில்லை என்று சொல்லி ஊரை விட்டே கிளம்பிப் போய், சிதம்பரம் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு டூவீலர் ஸ்டாண்டில் டோக்கன் கிழிக்கிற வேலையில் சேர்ந்தான். அக்கா வீட்டுக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். அக்கா போய்ப் பார்த்தால் பேசுவான். மாமாவைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும்.

இதையெல்லாம் அருள்முருகன் டிபார்ட்மெண்டில் யாரிடமும் சொன்னதில்லை. திருட்டுக் கேஸில் பிடிபட்டவனின் மாமன் என்ற பேர் எதற்கு?

பயிற்சி நடக்க நடக்க அவன் சந்தேகம் வளர்ந்தது. ஒருநாள் காயத்ரி மேடம் ஒரு டாக்டரைக் கூட்டி வந்தாள். அவர் கரும்பலகையில் தோளையும் கையையும் வரைந்து, நரம்பு எந்த வழியாகப் போகிறது, எங்கே அழுத்தினால் மரத்துப் போகும், எவ்வளவு நேரம் தாங்கும் என்று விளக்கினார். ‘காயம் இல்லை’ என்று எழுதி வாங்கத்தான் போலீஸுக்கு டாக்டர் தேவைப்படுவார் என்று அருள்முருகனுக்குத் தெரியும். அந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்க, காயம் படாமல் பிடிக்கவா இது, காயம் தெரியாமல் அடிக்கவா என்று கேள்வி ஓடியது.

அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சபாபதிதான் அன்று எழுந்து கேட்டான். சபாபதியும் ஏட்டு, கிரைம் டீம் ஆள். கலகலப்பானவன். பயிற்சிக்கு வந்த நாளிலிருந்து அருள்முருகனுக்கு அவன்தான் சேர்க்கை. ஒரே பெஞ்சில் சாப்பிடுவார்கள். மத்தியானம் சபாபதி வீட்டிலிருந்து வரும் கருவாட்டுக் குழம்பில் பாதி அருள்முருகன் தட்டுக்குத்தான் போகும்.

“மேடம், அப்ப அக்குள்கிட்ட நரம்புல ரொம்ப நேரம் அழுத்தி வெச்சிருந்தாலும் எலும்பு ஒண்ணும் ஆவாதுல்ல?”

டாக்டர் பதில் சொல்ல வாயெடுத்தார். காயத்ரி கையமர்த்தினாள். சபாபதியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். “வகுப்பு முடிஞ்சதும் என்னைப் பாத்துட்டுப் போங்க.”

எல்லாரும் கலைந்த பிறகு வேப்பமரத்தடியில் இரண்டு பேரும் நின்று பேசுவதை அருள்முருகன் தூரத்திலிருந்து பார்த்தான். குரல் எட்டவில்லை. மேடம்தான் பேசினாள். சபாபதி தலையாட்டினான். சொல்லக் கூடாத எதையோ தனியாகச் சொல்லிக் கொடுக்கிறாள் என்றுதான் அவனுக்குத் தோன்றியது.

மறுநாள் காலை, பரேடுக்கு நிற்கும்போது அவள் நேராக அவனிடம் வந்தாள். “உங்களுக்குக் காடாம்புலியூர்ல சொந்தக்காரங்க இருக்காங்களா ஏட்டு?”

அருள்முருகனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “இல்ல மேடம்.”

“ஒருத்தர்கூட இல்ல?”

“இல்ல.”

அவள் நம்பாத பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டாள். இவளுக்கு எப்படித் தெரியும்? ஏன் கேட்கிறாள்? அன்று முழுக்க ஒரு பிடியும் அவன் கைக்கு ஒழுங்காக வரவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் சபாபதி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “மச்சான், ஒரு விசயம் சொல்றேன், உன்னோட வெச்சிக்க. இந்தம்மா நமக்கு நியாயம் படிச்சிக் குடுக்குதே, அது யோக்கியத தெரியுமா? புரபேஷன்ல பண்ருட்டி பக்கம் இருந்தப்ப ஒரு முந்திரிக் கேஸுப் பையனுக்குக் கை போச்சி. அத அமுக்கத்தான் டிரெயினிங்குன்னு இங்க தள்ளி வுட்டுருக்காங்க.”

அருள்முருகன் கையில் சோறு அப்படியே நின்றது. “கையை யாரு ஒடச்சது?”

“ஒடைக்கல மச்சான். ஒடைச்சாத்தான் தெரிஞ்சிடுமே.” சபாபதி குரலைத் தாழ்த்தினான். “ஜூடோ நம்மள்ல யாருக்குத் தெரியும்? நீயே சொல்லு.”

குழம்பு ருசி நாக்கில் ஏறவில்லை. அருள்முருகன் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் எழுந்து போய்க் கை கழுவினான். இரண்டு வருஷமாகத் தேடிய ஆள் தினமும் காலையில் தன் கையைப் பிடித்து முறுக்குகிறாள் என்று நினைத்து, அந்தக் கையை மறுபடி தேய்த்துத் தேய்த்துக் கழுவினான்.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்துக்குப் போனான். ஸ்டாண்டில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. சாமிக்கண்ணு இடது கையால் டோக்கனைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். வலது மணிக்கட்டில் தொங்காமல் இருக்கப் பட்டை போட்டிருந்தது. மாமாவைப் பார்த்ததும் முகம் இறுகியது.

“ஒரு ஆளப் பாத்துச் சொல்லணும் சாமிக்கண்ணு. ஒரு லேடி எஸ்.ஐ. அன்னிக்கு அந்த ஸ்டேஷன்ல இருந்தவங்களான்னு மட்டும் சொல்லு, போதும்.”

“எதுக்கு? நான் சொல்லி, நீ போயி அவங்ககிட்ட சொல்றதுக்கா?”

“நான் எதுக்குடா சொல்லப் போறேன்?”

“நீயும் அந்தக் கூட்டந்தானே மாமா” என்றான் சாமிக்கண்ணு. வண்டி விட வந்தவரிடம் திரும்பிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து லோகநாயகியிடம் சொன்னான். “அவன் உங்கள நம்ப மாட்டேங்கிறான். ஏன்னு எனக்கும் தெரியல. நீங்க எதாவது மறைக்கிறீங்களோன்னு நானே பலநாள் நெனச்சிருக்கேன்.”

“என்ன சொல்ற நீ?”

“உள்ளதச் சொல்றேன். ஒரு போலீஸ்காரருக்கு இன்னொரு போலீஸ்காரர் செஞ்சது தெரியாதான்னு ஊர்ல கேக்குறாங்க. நான் என்ன பதில் சொல்லட்டும்?” பிறகு தானே சொன்னாள். “சிதம்பரம் தேருக்கு நீங்களும் அந்தம்மாவும் டியூட்டிக்கு வருவீங்கல்ல, அன்னிக்கு நான் அவனக் கூட்டியாறேன். நான் கூப்புட்டா வருவான்.”

சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத் தேர் வந்தது. பயிற்சியில் கற்றதை நிஜக் கூட்டத்தில் செய்து பார்க்கட்டும் என்று எல்லாரையும் காயத்ரி மேடத்தின் தலைமையில் பந்தோபஸ்துக்குப் போட்டிருந்தார்கள். தெற்கு வீதி முழுக்கத் தலைகள். வடம் பிடிக்க ஆள் முண்டியது. காயத்ரி கயிற்று ஓரமாக நின்று, நெருக்கும் ஆட்களைத் தோளில் கை வைத்து, பேசியே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். அருள்முருகன் அவளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தக் கை எப்போது தன் வித்தையைக் காட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

வெயில் ஏறிய நேரத்தில் ஒரு பாத்திரக்கடை வாசலில் லோகநாயகியும் சாமிக்கண்ணுவும் நிற்பது தெரிந்தது. பக்கத்தில் நின்ற போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டு அங்கே போனான்.

“அதோ, கயித்துகிட்ட நிக்கிறாங்களே, அவங்கதான்” என்றான்.

சாமிக்கண்ணு எட்டிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். “தெரியும்” என்றான்.

“அன்னிக்கு அங்க இருந்தாங்களா?”

“இருந்தாங்க.”

“சொல்லுடா. அவங்கதானே?”

சாமிக்கண்ணு அவனை விநோதமாகப் பார்த்தான். “அவங்கதான் என்னை ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போனாங்க மாமா. ஆஸ்பத்திரிக்கி. ரூம்ல கெடந்தவனப் பாத்துட்டு, யாரையோ திட்டிட்டு, அவுங்களே தூக்கியாந்தாங்க.”

அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

“மச்சான், எங்க போயிட்ட? இந்தா, மோரு.” சபாபதி இரண்டு டம்ளர்களோடு நின்றான். “யாரு, வீட்டுக்காரம்மாவா? வணக்கம்மா. தம்பி யாரு?”

பதிலுக்கு நிற்காமல் சபாபதி டம்ளரை அருள்முருகன் கையில் திணித்துவிட்டு, சிரித்துக்கொண்டே கூட்டத்துக்குள் போய்விட்டான். சாமிக்கண்ணுவை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவன் பார்த்த எத்தனையோ பையன்களில் இவன் ஒருவன்.

சாமிக்கண்ணு பாத்திரக்கடை ஓரத்துச் சந்துக்குள் தடதடவென்று போய்ச் சுவரோடு சாய்ந்துகொண்டான். அக்காவும் மாமாவும் பின்னாலேயே ஓடினார்கள்.

“அவன்தான்” என்றான். “அந்த மொகந்தான். அந்தக் கொரலுதான். மச்சான்னு உன்ன கூப்புடுறான்!”

“சாமிக்கண்ணு…”

“நான் கத்தினேன் மாமா. என் மாமா போலீஸு, என் மாமா போலீஸுன்னு கத்தினேன். அவன் என்னா சொன்னான் தெரியுமா? ‘உன் மாமன்கிட்ட கேட்டுட்டுத்தான்டா கட்டியிருக்கோம்’னான். சிரிச்சிக்கிட்டே சொன்னான். நான் நம்பிட்டேன். ரெண்டு வருசமா நம்பிட்டுத்தான் இருக்கேன். இப்ப பாத்தா நீ அவன்கூட மோரு குடிக்கிற.”

கையில் இன்னும் டம்ளர் இருப்பது அப்போதுதான் அருள்முருகனுக்குத் தெரிந்தது. அதைக் கீழே வைத்தான். “என்கிட்ட யாருமே கேக்கலடா. நீ உள்ள இருந்ததே எனக்குத் தெரியாது. அக்காளக் கேளு.”

லோகநாயகி அழவில்லை. தம்பியின் பட்டை போட்ட கையைப் பிடித்துக்கொண்டு, “அவருக்கு நான்தான்டா போன் பண்ணேன். நீ வெளிய வந்த அன்னிக்குத்தான் எனக்கே சங்கதி தெரிஞ்சுது” என்றாள். சாமிக்கண்ணு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். நம்பினானா என்று சொல்ல முடியவில்லை.

வீதியில் திடீரென்று கூச்சல் எழுந்தது. ஒரு பெண், “என் செயினு, என் செயினு” என்று கத்தினாள். அருள்முருகன் ஓடினான்.

கூட்டம் வட்டமாக விலகியிருந்தது. நடுவில் ஒரு கைலி கட்டிய ஆள் தார் ரோட்டில் குப்புறக் கிடந்தான். சபாபதி அவன் கழுத்தில் முழங்காலை ஊன்றி, கையைப் பின்னால் முறுக்கி மேலே ஏற்றிக்கொண்டிருந்தான். “எங்கடா வெச்சிருக்க? சொல்லு!” கீழே கிடந்தவனுக்குப் பேச்சே வரவில்லை. மூச்சுக்குத் தவித்து வாய் மட்டும் திறந்து மூடியது.

அருள்முருகன் யோசிக்கவில்லை. பக்கவாட்டில் போனான். ஒரு கை சபாபதியின் மணிக்கட்டில், ஒரு கை முழங்கைக்கு மேலே. தினமும் காலையில் மெத்தையில் செய்தது தானாக வந்தது. சபாபதி மேலே இருந்து சரிந்து, முழங்கால் போட்டு, தரையில் படுத்தான். கிடந்தவன் உருண்டு இருமத் தொடங்கினான்.

“மச்சான், நான்டா, நான்” என்றான் சபாபதி.

“தெரியும்.”

கை அவனிடம் இருந்தது. முழங்கை நேராக, தோள் பூட்டியபடி. இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றினால் போதும், தோள் கழன்றுவிடும். எவ்வளவு கொஞ்சம் என்றுகூட அவனுக்குத் தெரிந்தது. சபாபதி இன்னொரு கையால் ரோட்டைத் தட்டினான். மறுபடியும் தட்டினான். அருள்முருகன் விடவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் சாமிக்கண்ணு நிற்பதைப் பார்த்தான். அவன் முகத்தில் சந்தோஷம் இருக்கும் என்று நினைத்தான். இல்லை. பயந்துபோய் இருந்தது. தன்னைப் பார்த்துத்தான் பயப்படுகிறான் என்று அருள்முருகனுக்கு உறைத்தது.

காயத்ரி ஓடி வந்து பக்கத்தில் குந்தினாள். அவனைத் தொடவில்லை. “ஏட்டு, அவர் தட்டுறாரு” என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

விட்டான்.

செயின் அந்தப் பெண்ணின் முந்தானை மடிப்பிலேயே சிக்கியிருந்தது. கைலி கட்டிய ஆள் பரங்கிப்பேட்டையிலிருந்து தேர் பார்க்க வந்தவன். அவனை நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

தேர் நிலைக்கு வந்த பிறகு, சாயங்காலம், காவல் பந்தலுக்குப் பின்னால் காயத்ரி அவனைக் கூப்பிட்டாள். அவன் முந்திக்கொண்டான்.

“என் மச்சான உங்களுக்குத் தெரியும். ஏன் மேடம் சொல்லல?”

“கேட்டேனே. சொந்தக்காரங்க இல்லன்னீங்க.”

“நேராவே கேட்டிருக்கலாமே.”

“ஆஸ்பத்திரியில உங்க மச்சான்தான் சொன்னாரு, மாமா பேரு அருள்முருகன், பட்டாலியன்ல இருக்காரு, அவருகிட்ட மட்டும் சொல்லாதீங்கன்னு. ஏன்னு கேட்டதுக்குப் பதில் சொல்லல. நீங்களும் அதுல சம்பந்தப்பட்டவரோன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு.” அவள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். “டிரெயினிங்ல நீங்களும் சபாபதியும் எந்நேரமும் ஒண்ணாவே இருந்தீங்க. சந்தேகம் ஜாஸ்தியாயிடுச்சு.”

“அவன்தான்னு உங்களுக்குத் தெரியுமா?”

“கட்டினத நான் பாக்கல. நான் வெளிய போயிட்டு வந்தப்ப அந்த ரூம்லருந்து அவர் வெளிய வந்தாரு. உள்ள உங்க மச்சான் கெடந்தாரு. அப்பவே மேல சொன்னேன். பாத்துக்கலாம்னாங்க. கொஞ்ச நாள்ல என்னை மாத்திட்டாங்க. அன்னிக்கு வேப்பமரத்தடியில அதத்தான் அவருகிட்ட சொன்னேன். எனக்கு ஞாபகம் இருக்குன்னு. இங்க கத்துக்கிட்டத அந்த ரூமுக்குள்ள எடுத்துக்கிட்டுப் போனா விட மாட்டேன்னு.”

மறுநாளே சபாபதி கருவாட்டுக் குழம்போடு வந்து அந்தக் கதையைச் சொன்னது ஏன் என்று அருள்முருகனுக்கு இப்போது விளங்கியது. அந்தப் பையன் யாருடைய மச்சான் என்று மட்டும் சபாபதிக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆனாலும் அவள் மேல் இருந்த சந்தேகம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்கலாமே என்று அவன் மனம் கேட்டது. வாயால் கேட்கவில்லை.

“விசாரணை வெச்சா இதச் சொல்லுவீங்களா மேடம்?”

“கூப்பிட்டா சொல்லுவேன். மொதல்ல உங்க மச்சான் சொல்லணும்.”

சாமிக்கண்ணு லேசில் சம்மதிக்கவில்லை. இதற்கிடையில் சபாபதி, நடுத்தெருவில் சக போலீஸ்காரர் தன்னைத் தாக்கினார் என்று அருள்முருகன் மேல் புகார் கொடுத்தான். டாக்டர் அவன் தோளைப் பார்த்து, காயம் ஒன்றும் இல்லை என்றார். இருந்தாலும் அருள்முருகனுக்கு மெமோ வந்தது, சேத்தியாத்தோப்புப் பக்கம் மாற்றலும் வந்தது. லோகநாயகி அதைத் தம்பியிடம் போய்ச் சொன்னாள். அடுத்த வாரம் ஸ்டாண்டில் லீவு சொல்லிவிட்டு, புகார் எழுதத் தெரிந்த ஒரு வக்கீலை அவனே தேடிப் போனான்.

கடலூரில் சப்-கலெக்டர் முன்னால் விசாரணை நடந்தது. சாமிக்கண்ணு பட்டை போட்ட கையை மேஜை மேல் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். காயத்ரி தான் பார்த்ததைச் சொன்னாள். பார்க்காததைச் சொல்லவில்லை. சபாபதி தரப்பில் துருவித் துருவிக் கேட்டும் அவள் ஒரு வார்த்தை கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை. அன்று வாயால் மட்டும் சொன்ன டாக்டர் இந்தத் தரம் எழுதிக் கொடுத்தார். சபாபதி சஸ்பெண்ட் ஆனான். வழக்குப் பதிவாகிக் கோர்ட்டுக்குப் போனது. அது எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. பயிற்சி மட்டும் தொடர்ந்து நடந்தது. இது அடிக்கவா அணைக்கவா என்று அங்கே இன்னும் கேலி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று அருள்முருகன் கேள்விப்பட்டான்.

விசாரணை முடிந்த அன்று கடலூர் பஸ் ஸ்டாண்டில் மாமாவும் மச்சானும் சிதம்பரம் பஸ்ஸுக்காக நின்றார்கள். அருள்முருகன் சாதாரணச் சட்டை வேட்டியில் வந்திருந்தான். சாமிக்கண்ணு அப்படித்தான் வரச் சொல்லியிருந்தான்.

“அவன் திரும்ப வேலைக்கி வந்துடுவானா மாமா?”

“வந்தாலும் வருவான். பொய் சொல்ல மாட்டேன்.”

“வந்து ஸ்டாண்டுல நின்னான்னா?”

“எனக்கு ஒரு போன் போடு.”

சாமிக்கண்ணு சட்டைப்பையிலிருந்து இடது கையால் செல்லை எடுத்தான். “உன் நம்பரு எங்கிட்ட இல்ல” என்றான். “சொல்லு.”

அருள்முருகன் ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொன்னான். சாமிக்கண்ணு கட்டை விரலால் ஒவ்வொன்றாக அழுத்தினான்.